ஆர்ஆர்எஸ்பியை உடைத்துப் பாய்மரப் படகு வாங்கலாமா?

கேள்வி: ஸ்காபுரோவில் இருக்கிறோம். எனக்கு 52 வயது, மனைவிக்கு 49. வீட்டுக்கடன் கட்டி முடித்துவிட்டோம். கரிபியன் தீவு நாடான கிரெனடாவில் 36 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்று 40,000 கனடிய டொலருக்கு வருகிறது. ஆர்ஆர்எஸ்பியில் (ஓய்வுகாலத்துக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) எடுத்து வாங்கி, குளிர்காலத்தில் ஐந்து மாதம் அங்கே போய் இருக்கலாமா? "காற்றுக்குக் காசில்லை, நங்கூரம் போட வாடகையில்லை" என்கிறார் நண்பர்.

பதில்: நண்பர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் போட்டது நீங்கள் படகில் இருக்கும் ஐந்து மாதத்துக்கான கணக்கு. காசைத் தின்பது மற்ற ஏழு மாதம்.

ஜூன் முதல் நவம்பர் முடியப் புயல் காலம். கிரெனடா தெற்கே கிடப்பதால் புயல் எட்டாது என்று நம்பித்தான் பலர் படகை அங்கே விட்டுவிட்டு ஊருக்குப் போவார்கள். 2004இல் ஐவன் புயல் வந்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவைச் சேர்ந்த கரியகூத் தீவை மோதியபோது, டிரெல் விரிகுடாவின் கண்டல் காட்டுக்குள் கட்டி வைத்த படகுகளும் தப்பவில்லை. அதனால் புயல் காலத்தில் படகைக் கரையேற்றி, கட்டி, வாடகை கொடுக்க வேண்டும். காப்புறுதியும் வேண்டும். பழைய படகென்றால் முதலில் படகைப் பரிசோதித்த சர்வே அறிக்கை கேட்பார்கள், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாற்றச் சொல்லலாம். புயல் சேதத்துக்கு நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கும் பெரிதாக இருக்கும். பராமரிப்புக்கு ஆண்டுக்குப் படகு விலையில் பத்து வீதம் என்பது படகுக்காரர்களின் மனக்கணக்கு. பழசுக்கு அதுவும் காணாது.

ஆர்ஆர்எஸ்பியைத் தொடாதீர்கள். 15,000க்கு மேல் எடுத்தால் வங்கியே வரியாக 30 வீதம் பிடித்துக்கொள்ளும். கையில் 40,000 வர ஏறக்குறைய 57,000 உடைக்க வேண்டும். அந்தத் தொகை முழுவதும் அந்த ஆண்டு வருமானத்தில் சேரும், எடுத்த அளவுக்கு மறுபடி போடும் இடம் (பங்களிப்பு வரம்பு) திரும்பக் கிடைக்காது. டிஎஃப்எஸ்ஏயில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) இருந்தால் அதிலிருந்து எடுங்கள். வரி இல்லை, எடுத்த அளவுக்கான இடம் அடுத்த ஜனவரியில் திரும்பி வரும்.

இந்தக் குளிர்காலத்துக்குப் படகை வாடகைக்கு எடுத்து இரண்டு கிழமை ஓடிப் பாருங்கள். கிரெனடாவிலிருந்து கரியகூ, பிறகு டொபாகோ கேஸ் என்ற சின்னத் தீவுக் கூட்டம். டொபாகோ கேஸ் செயின்ட் வின்சென்டுக்குச் சொந்தம், வேறு நாடு. போகும் வழியில் அந்த நாட்டின் யூனியன் தீவில் இறங்கிச் சுங்கமும் குடிவரவும் முடிக்க வேண்டும். ஞாயிறு போய்ச் சேர்ந்தால் மேலதிக நேரக் கட்டணமும் கேட்பார்கள். கடல் உங்கள் மனைவிக்கு ஒத்துவருகிறதா என்பதும் தெரிந்துவிடும் (அவர் என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே!).

ஓஹிப் (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குத் தருவது சில்லறைதான். பயணக் காப்புறுதி கட்டாயம். 12 மாதத்தில் 212 நாளுக்கு மேல் ஒன்டாரியோவுக்கு வெளியே இருந்தால் ஓஹிப்பே கைவிட்டுப் போகலாம். உங்கள் ஐந்து மாதத்துக்குப் பயமில்லை.

இன்னொன்று. கரியகூவில் டாக்சிக்காரர் "நாற்பது டொலர்" என்றால் எந்த டொலர் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். கிழக்குக் கரிபியன் டொலர் 2.70 கொடுத்தால்தான் ஒரு அமெரிக்க டொலர்.