திறந்த மனத்தோடு ஒரு பதில்

கேள்வி: நமக்கு ஒத்துவராத கருத்துகளையும் திறந்த மனதோடு அணுக வேண்டும் என்கிறார்கள். எனக்கோ எதிராளி வாயைத் திறந்ததுமே எரிச்சல் வருகிறது. என்ன செய்வது?

பதில்: எரிச்சலைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 'மனதோடு'.

மரம் மரத்தோடு ஆகிறது, பணம் பணத்தோடு ஆகிறது. மரதோடு, பணதோடு என்று யாரும் எழுதுவதில்லை. மனத்துக்கு மட்டும் ஏன் ஒரு 'த்' குறைய வேண்டும்? இந்த இதழுக்கு வரும் ஒவ்வொரு படைப்பிலும் அந்த ஒற்றைச் செருகியே என் ஆயுளில் பாதி போய்விட்டது. காதல் கவிதை அனுப்புகிறவர்கள்தான் அதிகம் கோபித்துக்கொண்டார்கள். 'என் மனத்தில் நீ' என்று அச்சிட்டால் காதலி எழுந்து போய்விடுகிறாளாம். போகட்டும், ஒரு ஒற்றுக்குப் பயந்து ஓடுகிறவள் மாமியாரை எப்படிச் சமாளிப்பாள் என்று ஒருவருக்குப் பதில்கூடப் போட்டேன்.

எங்கள் பிழைதிருத்துநர் ஒருவர் மட்டும் இதற்குக் கடைசிவரை மசியவில்லை. "சார், நீங்கள் சொல்வது மனம். இது மனது..." என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், "அப்படியானால் மரது உண்டா, பணது உண்டா?" என்று மடக்கிவிடுவேன். அறையில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆசிரியர் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவர் ஓய்வு பெற்றுப் போய்ப் பல மாதம் கழித்து, ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதும்போது 'உங்களைப் பார்க்காமல் திரும்ப மனது வரவில்லை' என்று எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் என் கையெழுத்திலேயே மனது உட்கார்ந்திருக்கிறது! மனது என்று ஒரு சொல் இருந்தால் அதோடு 'ஓடு' சேர்ந்து மனதோடு ஆகத்தானே செய்யும்? அவர் சொல்ல வந்தது இதுதான். அத்தனை வருஷமும் அவருடைய வாக்கியத்தின் முதல் பாதியோடுதான் நான் சண்டை போட்டிருக்கிறேன். இரண்டாம் பாதியை ஒருநாளும் கேட்டதில்லை.

சரி, அடுத்தது 'திறந்த'. திறந்த என்றதும் நமக்கு வீடு ஞாபகம் வருகிறது, வீட்டுக்குப் பின்னாலேயே நாயும் வந்துவிடுகிறது. இது ஆங்கிலத்திலிருந்து வந்த இரவல் சொற்றொடர், இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நம் பழைய ஆட்கள் மனத்தைத் திறந்து போட்டுக் காத்திருக்கவில்லை. எதிராளியின் பாடத்தை உட்கார்ந்து படித்தார்கள்.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் எழுதினார். சைவ சித்தாந்தம் சொல்ல வந்த நூல். ஆனால் அதன் முதல் பகுதிக்குப் பெயரே பரபக்கம், அடுத்தவர் பக்கம் என்று பொருள். கண்ணில் படும் உலகமே எல்லாம் என்கிற உலகாயதன் என்ன சொல்கிறான், பௌத்தன் என்ன சொல்கிறான் என்று ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் எடுத்துவைத்து, அதன் பிறகே மறுக்கிறார். சுமார் 300 பாட்டு இப்படியே போகிறது. தன் கட்சியைச் சொல்லும் சுபக்கம் அதற்கு அப்புறம்தான். யாருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததாக நினைத்துவிடாதீர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் வெளுக்கிறார். எரிச்சல் அவருக்கும் இருந்திருக்கும். இருந்தும் கடவுளே கிடையாது என்கிறவனுக்கும் ஒரு முறை பேச இடம் கொடுத்துவிட்டுத்தான் அடிக்கிறார்.

மணிமேகலை கதை இதைவிட வேடிக்கை. பல சமயத்தாரிடமும் கொள்கை கேட்கப் போகிறவள் ஆண் துறவியாக உருமாறிப் போகிறாள். வளையல் போட்ட இளம்பெண் என்று தெரிந்தால் ஒருவரும் விஷயத்தைச் சொல்ல மாட்டார்களாம். மெய்ப்பொருளைக் கரைத்துக் குடித்த பெரியவர்கள், எதிரே நிற்பது யார் என்று பார்த்துத்தான் வாயைத் திறந்திருக்கிறார்கள்! பொறுமையாகக் கேட்டுக்கொண்டே போகிறாள். கண்ணால் கண்டது மட்டுமே மெய் என்கிற பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். அதையும் அவன் கட்சியைக் கேட்டுவிட்டுத்தான் கேட்கிறாள். நானாக இருந்தால் அவன் 'பூ' என்றதுமே கேட்டிருப்பேன்.

இந்நேரம் 'எப்பொருள் யார்யார்வாய்' என்று வந்திருக்க வேண்டுமே என்று தேடுவீர்கள். வராது. அந்தக் குறளைச் சொல்லிவிட்டு அடுத்தவர் பேச்சில் குறுக்கிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்கள் எரிச்சலுக்கு மருந்து என்னிடம் இல்லை. வந்தால் வரட்டும். எதிராளி சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு சண்டையை ஆரம்பியுங்கள். நான் இந்த வயதில் இதைப் பழகிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கேள்வியில் இருந்த 'மனதோடு'வை எழுதியபடியே விட்டிருக்கிறேன், பாருங்கள். தலைப்பில் மட்டும் கை சும்மா இருக்கவில்லை.