திபிலிசில போராட்டம் நடக்குதே, படிக்க வரலாமா அக்கா?

தம்பி, ஜார்ஜியா தலைநகர் திபிலிசில மெடிக்கல் சீட் கிடைச்சிருக்கு, பார்லிமென்ட் முன்னாடி நடக்கற போராட்ட வீடியோ பாத்து அம்மா பயப்படறாங்க, அது அவங்க நாட்டுப் பிரச்சனை நாம ஒதுங்கி இருந்தா போதும்தானேன்னு கேட்டிருக்க. முதல்ல அம்மாகிட்ட சொல்லு, தைரியமா அனுப்பலாம்னு. நம்ம பசங்க நிறைய பேர் இருக்கறது சபுர்தாலோ பக்கம், போராட்டம் நடக்கற ருஸ்தவேலி ரோடு அங்கருந்து மெட்ரோ ஏறிப் போற தூரம், கிளாஸ், கடை எல்லாம் வழக்கம்போல ஓடுது. கூட்டத்துக்குள்ள மட்டும் போகாத, வேடிக்கை பாக்கக்கூட நிக்காத. தங்கறதுக்கான பெர்மிட்ல இருக்கறவன் நீ, மாட்டினா படிப்புக்கே ஆபத்து.

ஆனா "அவங்க நாட்டுப் பிரச்சனை"ன்னு சொன்னதை என்னால ஒத்துக்க முடியல. இங்க எல்லாம் கொதிச்சது ஒரு சட்டத்துலதான், அந்தச் சட்டம் இந்த ஊர்ல பொறந்ததே இல்ல. 2012ல புடின் ரஷ்யால கொண்டு வந்தாரு, வெளிநாட்டுக் காசு வாங்கி அரசியல் வேலை செய்யற அமைப்பெல்லாம் வெளிநாட்டு ஏஜென்ட்னு பதிவு பண்ணணும்னு, அப்புறம் அதை பத்திரிகை, தனி ஆளுங்க வரைக்கும் நீட்டிட்டாங்க, ஸ்டாலின் காலக் கொலைகளை ஆவணப்படுத்தின மெமோரியல் அமைப்பையே 2021 கடைசில கோர்ட் மூலமா மூட வச்சாங்க. அதே மாதிரி ஒண்ணை ஆளுங்கட்சி ஜார்ஜியன் ட்ரீம் 2023ல இங்க கொண்டு வந்துச்சு, ஜனங்க தெருவுக்கு வந்ததும் வாபஸ் வாங்கிட்டு, 2024 மே மாசம் ஜனாதிபதி சலோமே சுராபிஷ்விலி வீட்டோ போட்டும் கேக்காம நிறைவேத்திட்டாங்க. வருமானத்துல 20 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்து வந்தா அமைப்பு, பத்திரிகை எல்லாம் பதிவு பண்ணியே ஆகணும்னு அதுல இருந்துச்சு. இங்க சின்னப் பசங்ககூட அதை "ரஷ்ய சட்டம்"னுதான் சொல்லுவாங்க, ரஷ்யாவோட நடந்த 2008 போரைப் பாத்த வீடுங்க தம்பி இது.

நடுவுல 2023 டிசம்பர்ல ஹங்கேரியும் இறையாண்மையைப் பாதுகாக்கறோம்னு இதே சாயல்ல ஒரு சட்டம் போட்டுச்சு. 2024 அக்டோபர்ல இங்க தேர்தல் முடிஞ்சு முறைகேடுன்னு எதிர்க்கட்சி கத்திட்டு இருக்கறப்பவே அப்போதைய ஹங்கேரி பிரதமர் ஆர்பன் நேர்ல வந்து வாழ்த்து சொல்லிட்டுப் போனாரு. ஒருத்தர் செஞ்சதை இன்னொருத்தர் பாத்து எடுத்துக்கறாங்க, ஒருத்தர் தேர்தலுக்கு இன்னொருத்தர் சாட்சி சொல்றாங்க. நம்ம ஊரும் இதுல வெளிய இல்ல, வெளிநாட்டு நன்கொடை சட்டம் முதல்ல வந்தது 1976ல, எமர்ஜென்சி நேரத்துல, 2020லயும் அதை இன்னும் இறுக்கினாங்க. எல்லா நாடும் ஒண்ணுன்னு சொல்ல வரல, ஆனா "வெளிநாட்டுக் கை"ன்னு எந்த ஊர்ல யார் சொன்னாலும் அடுத்து எந்த வாய மூடப் போறாங்கன்னு பாரு.

நவம்பர் 28, 2024 அன்னிக்கு பிரதமர் கொபகிட்சே ஐரோப்பிய யூனியன்ல சேர்ற பேச்சை 2028 வரைக்கும் தள்ளி வச்சதா சொன்னாரு, இந்த நாட்டோட அரசியல் சாசனத்துலயே ஐரோப்பால சேரணும்னு எழுதியிருக்கு! அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சதுதான் நீ வீடியோல பாக்கறது. ரோட்டை மறிச்சா அபராதம் 500 லாரில (லாரிங்கறது இந்த ஊர்க் காசு) இருந்து 5000 ஆச்சு, சாதாரண சம்பளக்காரருக்கு அது ரெண்டு மாச சம்பளத்துக்கு மேல. ம்சியா அமக்லோபெலின்னு ஒரு மூத்த பத்திரிகையாளர், போலீஸ் அதிகாரிய ஒரு அறை அறைஞ்சதுக்கு ரெண்டு வருஷம் உள்ள போட்டாங்க. ஐரோப்பிய பார்லிமென்ட் 2025ல அவங்களுக்கு மனித உரிமைக்கான சகாரோவ் விருது குடுத்துச்சு. எனக்கு அவங்கள நினைச்சா இன்னும் மனசு ஆறல.

அதனால உன்கிட்ட நான் கேக்கறது இதுதான். கிளாஸ்ல உள்ளூர் பையன் ராத்திரி போராட்டத்துல நின்னுட்டு வந்து தூங்கி வழிஞ்சான்னா "ஏன்டா வெட்டியா போயி நிக்கற"ன்னு சொல்லாத, உக்காந்து கேளு, நல்லா சொல்லுவாங்க. அவங்க முகம் தெரியற மாதிரி போட்டோ, ஸ்டோரி எதுவும் போட்டுடாத. ருஸ்தவேலில கேமரால முகத்தை வச்சே ஆள கண்டுபிடிச்சு வீட்டுக்கு அபராதம் அனுப்பியிருக்காங்க, நீ போடற ஒரு படமும் அதுக்கு உதவிடக் கூடாது.