வீடு நியூஜெர்சியில், வேலை நியூயார்க்கில்: எந்த மாநிலத்துக்கு எவ்வளவு வரி?

கேள்வி: நாங்கள் நியூஜெர்சியில் பிளெயின்ஸ்போரோவில் இருக்கிறோம். என் அலுவலகம் மன்ஹாட்டனில். வாரம் இரண்டு நாள் நேரில் போகிறேன், மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. நிறுவனம் தரும் வருடாந்திரச் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தில் நியூயார்க், நியூஜெர்சி இரண்டிலும் முழுச் சம்பளத்தையும் காட்டியிருக்கிறார்கள். இரண்டு முறை வரி கட்ட வேண்டுமா? நியூயார்க்குக்கு 40 சதவீதம் மட்டும் காட்டினால் போதும் என்கிறார் நண்பர். மனைவிக்கு ஃபிலடெல்ஃபியாவில் வேலை. அவர் சம்பளத்தில் பென்சில்வேனியா வரி, ஃபிலடெல்ஃபியா நகர வரி இரண்டும் பிடிக்கிறார்கள். நடுவில் மூன்று வாரம் சென்னையிலிருந்து வேலை பார்த்தேன். அந்த நாட்கள் எந்தக் கணக்கில் வரும்?

பதில்: முதலில் டபிள்யூ-2 பயத்தைத் தீர்த்துவிடுவோம். ஃபெடரல் கணக்கில் வரும் சம்பளம் முழுவதையும் மாநிலக் கட்டத்திலும் அப்படியே காட்டச் சொல்வது நியூயார்க்கின் வழக்கம். நியூஜெர்சி கட்டத்தில் உள்ள தொகை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கலாம். மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை வரிக்கு முன்பே கழிப்பதை நியூஜெர்சி ஏற்பதில்லை, அதனால்தான். இரண்டையும் கூட்டிப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரே சம்பளம்தான் இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இனி நண்பர் சொன்ன 40 சதவீதம். வேலை பார்த்த இடத்துக்கு வரி என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நியூயார்க் அப்படிப் பார்ப்பதில்லை. உங்கள் முதன்மை அலுவலகம் நியூயார்க்கில் இருந்து, நீங்கள் உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை செய்தால், அந்த நாளும் அவர்கள் கணக்கில் நியூயார்க் நாள்தான். நிறுவனத்தின் தேவைக்காக, அதாவது வேறு வழியே இல்லாமல், வெளியே வேலை செய்த நாளை மட்டுமே கழிக்கலாம். டெக்சாஸில் உள்ள வாடிக்கையாளரிடம் நிறுவனம் உங்களை அனுப்பினால் அந்த நாட்கள் கழியும். "வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்தே பாருங்கள்" என்று மேலாளர் மின்னஞ்சல் அனுப்பியிருப்பது மட்டும் போதாது.

இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் உண்டு. ஹக்கபி என்ற கணினி புரோகிராமர் டென்னசியில் வாழ்ந்துகொண்டு, வேலை நாட்களில் கால்வாசியை மட்டுமே நியூயார்க்கில் கழித்தவர். முழுச் சம்பளத்துக்கும் நியூயார்க் வரி கேட்டது சரி என்று 2005இல் அந்த மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் சொன்னது. கனெக்டிகட்டில் வசிக்கும் சட்டப் பேராசிரியர் ஜெலின்ஸ்கி 2003இல் தோற்றார். கோவிட் காலத்தில் வீட்டிலிருந்தே பாடம் எடுத்த நாட்களுக்காக மறுபடி போராடியும், 2025இல் நியூயார்க்கின் வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவருக்கு எதிராகவே முடிவு சொன்னது. சட்டப் பேராசிரியருக்கே இந்தக் கதி.

சென்னை நாட்களுக்கும் இதே விதிதான். ஊருக்குப் போன இடத்தில் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்தது உங்கள் வசதி, எனவே அது நியூயார்க் நாள். லீவு போட்டிருந்தால் அது வேலை நாளாகவே எண்ணப்படாது, கணக்குக்கே வராது.

ஆக, முழுச் சம்பளமும் நியூயார்க்குக்குப் போகிறது. அப்புறம் நியூஜெர்சி? நீங்கள் அங்கே வசிப்பவர் என்பதால் உங்கள் மொத்த வருமானத்துக்கும் அது வரி போடும். வேறு மாநிலத்துக்குக் கட்டிய வரிக்குக் கிரெடிட்டும், அதாவது தன் வரியில் கழிவும், தரும். ஆனால் நியூயார்க்கில் கட்டியது முழுக்கத் திரும்பும் என்று எண்ண வேண்டாம். நியூயார்க்கில் கட்டிய தொகை, அதே சம்பளத்துக்கு நியூஜெர்சியில் வரக்கூடிய வரி, இரண்டில் எது குறைவோ அதுதான் கிரெடிட்.

கணக்குக்காக உருண்டையான எண்களாக வைத்துக்கொள்வோம். உங்கள் சம்பளம் 1,20,000 டாலர், மனைவியுடையது 80,000, வேறு வருமானம் இல்லை. மொத்தத்துக்கும் நியூஜெர்சி வரி 10,000, உங்கள் சம்பளத்துக்கு நியூயார்க் வரி 6,500 என்போம். மொத்த வருமானத்தில் உங்கள் பங்கு 60 சதவீதம், எனவே கிரெடிட்டின் உச்சவரம்பு 6,000. மீதி 500 உங்கள் கையிலிருந்து போனதுதான். நியூயார்க்குக்கு 6,500, நியூஜெர்சிக்கு 4,000, ஆக 10,500.

நண்பர் சொன்னபடி 40 சதவீதம் மட்டும் காட்டினால்? நியூயார்க் வரி 2,600 ஆகக் குறையும். ஆனால் நியூஜெர்சி கிரெடிட்டும் 2,400 ஆகச் சுருங்கி, அங்கே 7,600 கட்ட வேண்டியிருக்கும். மொத்தம் 10,200. மிச்சம் 300 டாலர்! இதற்காக நியூயார்க் வரித்துறையிடமிருந்து "எந்தெந்த நாள் எங்கே வேலை பார்த்தீர்கள், நிறுவனத்தின் கடிதம் எங்கே" என்று கடிதம் வரவழைத்து, பாக்கியை வட்டி, அபராதத்தோடு கட்டி, பிறகு நியூஜெர்சி ரிட்டர்னைத் திருத்தி ரீஃபண்ட் கேட்டு அலைய வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம்.

சட்டப்படியே குறைக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு ஜெர்சி சிட்டியிலோ நூவர்க்கிலோ அலுவலகம் இருந்தால், உங்கள் முதன்மைப் பணியிடத்தை உண்மையாகவே அங்கே மாற்றித் தரச் சொல்லுங்கள். அதன் பிறகு மன்ஹாட்டனில் கால் வைத்த நாட்கள் மட்டும் நியூயார்க் கணக்கு. வீட்டையே நிறுவனத்தின் அலுவலகமாக நிரூபிக்கவும் விதி இடம் தருகிறது, ஆனால் அதன் நிபந்தனைப் பட்டியல் நீளம். மேசையும் இரண்டு மானிட்டரும் அதற்குப் போதாது.

நியூஜெர்சியும் சும்மா இருக்கவில்லை. 2023இல் பதிலுக்குப் பதிலாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. நியூயார்க்கில் வீட்டிலிருந்தபடி நியூஜெர்சி நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர்களிடம் அதுவும் இதே விதியைக் காட்டுகிறது. உங்களுக்கு அதனால் நேரடி லாபம் இல்லை. நீங்கள் நியூயார்க் நகரத்தில் குடியிருக்கவில்லை என்பதால் அந்த நகர வரி மட்டும் உங்களைத் தொடாது.

மனைவியின் விஷயம் வேறு. நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. சம்பளத்துக்கு வசிக்கும் மாநிலம் மட்டுமே வரி போடும். எனவே பென்சில்வேனியா வரியான அந்த 3.07 சதவீதத்தைப் பிடித்திருக்கவே கூடாது. ஆர்இவி-419 படிவத்தை அவர் நிறுவனத்திடம் கொடுத்தால் இனிப் பிடிக்க மாட்டார்கள். ஏற்கெனவே பிடித்ததைப் பென்சில்வேனியாவில் பிஏ-40 ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறுங்கள். அதை நியூஜெர்சியில் கிரெடிட்டாகக் கேட்டால் தர மாட்டார்கள்.

ஃபிலடெல்ஃபியா நகர வரி அந்த ஒப்பந்தத்துக்குள் வராது. வெளியூர்க்காரருக்குச் சுமார் 3.4 சதவீதம், அதாவது 80,000 டாலருக்கு ஏறக்குறைய 2,700. நல்ல வேளை, நியூஜெர்சி இதற்குக் கிரெடிட் தருகிறது. மனைவியின் பங்குக்கான வரம்பு 4,000 என்பதால் 2,700 முழுவதும் கழியும். நிறுவனமே கட்டாயப்படுத்தி நகருக்கு வெளியே வேலை செய்யவைத்த நாட்கள் இருந்தால், அவற்றுக்கான நகர வரியை ஃபிலடெல்ஃபியாவிடமே திரும்பக் கேட்கலாம். தானாக விரும்பி வீட்டிலிருந்த நாட்களுக்குக் கிடைக்காது.

ரிட்டர்ன் போடும்போது நியூயார்க்கில் வசிக்காதவர்களுக்கான ஐடி-203 (IT-203) படிவத்தை முதலில் முடியுங்கள். மென்பொருளில் நியூஜெர்சியை முதலில் போட்டால் கிரெடிட் தப்பாக வருவது சகஜம். மேலே போட்ட கணக்கில் நியூஜெர்சிக்கான 4,000இல் ஃபிலடெல்ஃபியா கிரெடிட் 2,700 போக, கடைசியில் 1,300 டாலர் பாக்கி நிற்கிறது. பிடித்தம் போக நின்ற பாக்கி 400 டாலரைத் தாண்டும் என்று தெரிந்தால் அந்த மாநிலம் ஆண்டு நடுவிலேயே முன்வரி எதிர்பார்க்கும். மனைவியின் நிறுவனம் நியூஜெர்சி வரியைப் பிடிக்குமா என்று கேளுங்கள். பிடிக்காது என்றால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நான்கு தவணைகளில் நீங்களே கட்டிவிடுங்கள்.