வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 19 வயது. காரைக்குடியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தம்பிக்கு 16, பிளஸ் ஒன். அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே தவறிவிட்டார். அப்பா போன வருடம் இறந்துபோனார். புதுவயல் பக்கம் ஐயா (அப்பாவின் அப்பா) கட்டிய வீட்டில், இரண்டாம் கட்டில், அதாவது உள்பக்க முற்றத்தை ஒட்டிய பகுதியில், ஓர் அறையில் இருக்கிறோம். ஐயாவும் அப்பத்தாவும் இப்போது இல்லை. உயில் எதுவும் கிடையாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். முகப்புப் பக்கம் இருந்த சித்தப்பா குடும்பம் மதுரைக்குப் போய்விட்டது. கல்யாணமாகிப் போன அத்தை ஒருவர் உண்டு. வீட்டை ஹோட்டல்காரர்களுக்குக் கொடுக்கப் போவதாகவும், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சித்தப்பா சொல்கிறார். தம்பிக்கும் சேர்த்து என்னை ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். கரண்ட்டைத் துண்டித்துவிட்டார். ஆட்கள் வந்து தேக்குத் தூண்களை அளந்துவிட்டுப் போனார்கள். அரசாங்கத்திடம் போனால் தம்பியை ஹோமில் போட்டுவிடுவார்கள் என்கிறார். நாங்கள் எங்கே போவது?

பதில்: எங்கேயும் போக வேண்டாம். நீங்கள் அந்த வீட்டில் சித்தப்பாவின் தயவில் இருக்கவில்லை. அது உங்கள் வீடும்தான்.

ஐயா சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் இல்லை என்றால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா, சித்தப்பா, அத்தை மூவருக்கும் சம பங்கு. அப்பாவின் மூன்றில் ஒரு பங்கு இப்போது உங்களுக்கும் தம்பிக்கும் வந்துவிட்டது. ஆளுக்கு ஆறில் ஒன்று. பூர்வீகச் சொத்து என்று சித்தப்பா வாதாடினால் கணக்கு கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். உங்கள் பங்கு இல்லாமல் போகாது. நாளைக்கே திடீரென்று ஓர் உயில் முளைத்தால், நகலைக் கேளுங்கள். பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம்.

சித்தப்பா தன் பங்கை விற்கலாம். அதைத் தடுக்க முடியாது. ஆனால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவு இந்த ஊர் வீடுகளுக்காகவே எழுதியது போல இருக்கிறது. பிரிக்கப்படாத குடும்பக் குடியிருப்பு வீட்டில் ஒருவரின் பங்கை வெளியாள் வாங்கினால், அவர் உள்ளே வந்து உங்களோடு சேர்ந்து அனுபவிக்க உரிமை கிடையாது. அவர் பாகப் பிரிவினை வழக்குப் போட்டாலும், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை நீங்களே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். ஹோட்டல்காரர்களின் வக்கீலுக்கு இது தெரியும். அதனால்தான் உங்கள் கையெழுத்தைத் தேடி அலைகிறார்கள்.

தம்பிக்காக நீங்கள் போடும் கையெழுத்து செல்லாது. சித்தப்பா போடுவதும் செல்லாது. மைனரின் சொத்தை விற்பதென்றால், நீதிமன்றம் நியமித்த காப்பாளர், நீதிமன்ற அனுமதியோடுதான் விற்க முடியும். உங்கள் சொந்தப் பங்கு அப்படியில்லை. உங்களுக்கு 18 முடிந்துவிட்டது, நீங்கள் போடும் கையெழுத்து உங்களைக் கட்டும். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பவர் பத்திரமோ, வெற்றுத்தாளோ, எதிலும் போடாதீர்கள்.

இனி வழக்கு. பாகப் பிரிவினை வழக்கோடு, வீட்டை முழுதாக விற்கவும் தூண், நிலை, கதவு என்று கழற்றவும் இடைக்காலத் தடை கேட்க வேண்டும். இதை அவசரமாகச் சொல்கிறேன். கழற்றிய தேக்கு காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டால் திரும்பி வராது. தூண்களையும் நிலைகளையும் இன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். அத்தையோடு பேசுங்கள். அவர் கையெழுத்தில்லாமலும் வீடு முழுதாக விற்காது. அவரும் வழக்கில் சேர்ந்தால் உங்கள் பலம் கூடும்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) மனைவிகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இரத்த உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்த எந்தப் பெண்ணும் அதில் வசிப்பிட உத்தரவு கேட்கலாம். மாஜிஸ்திரேட் முதல் விசாரணையைச் சாதாரணமாக மூன்று நாளுக்குள் வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் நம் பக்கத்து வழக்கம் ஒன்று குறுக்கே வரும். கல்யாணமான பிள்ளையை வேறு வைத்து, அதாவது தனிக்குடித்தனமாக்கி, ஒரே வளவில் (ஒரே வீட்டு முற்றத்தில்) தனித்தனி உலை வைப்பார்கள். 'சமையல் தனி, ஆகவே கூட்டுக் குடும்பமில்லை' என்று எதிர்த்தரப்பு சொல்லும். பதில் சொல்லலாம்தான். ஆனாலும் இதை மட்டும் நம்பாமல், பாகப் பிரிவினை வழக்கையே முதுகெலும்பாக வைத்துக்கொள்வது நல்லது.

பூட்டிவிட்டால்? பயப்படாதீர்கள், தள்ளிப்போடவும் வேண்டாம். சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், யார் பங்கு எவ்வளவு என்று பாராமலே நீதிமன்றம் திரும்ப உள்ளே விடும். கரண்ட்டுக்கு, குடியிருப்பவர் என்ற முறையில் நீங்களே மின்வாரியத்தில் மனுக் கொடுக்கலாம்.

அடுத்து தம்பி. ஹோம் என்ற பயத்தை வைத்துத்தான் உங்களை வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டம் (2015) ஹோமில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறது. சிவகங்கையில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகள் நலக் குழு முன் நீங்களும் தம்பியும் சேர்ந்தே போய், 'அக்காவோடுதான் இருப்பேன்' என்று தம்பியை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை உறவுகளோடு இருந்தே படிக்க மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000. எது பொருந்தும் என்று அலகில் எழுதி வாங்குங்கள். பிள்ளைக்கு 18 ஆனதும் இந்தத் தொகை நிற்கும். ஆகவே இன்றே மனுக் கொடுங்கள்.

உங்களைப் பற்றிச் சொல்வதற்குத்தான் எனக்கு மனம் கனக்கிறது. இல்லத்தில் வளர்ந்து வெளியே வரும் பிள்ளைக்கு 21 வயது வரை, சில சமயம் 23 வரை, பின்பராமரிப்பு உண்டு. சொந்த வீட்டிலேயே அநாதையான 19 வயதுப் பெண்ணுக்கு அப்படியொரு பிரிவு கிடையாது. இது சட்டத்தின் பெரிய ஓட்டை. அரசுப் பள்ளியில் படித்தவரென்றால், தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா என்று கல்லூரியில் கேளுங்கள். இரவில் ஆபத்தென்றால் பெண்கள் உதவி எண் 181. கல்லூரி விடுதியில் சேர்ந்தாலும், அறைச் சாவியும் சாமான்களும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்; வார இறுதியில் வந்து தங்குங்கள்.

வக்கீல் ஃபீஸுக்கு என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் மனுக் கொடுங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்யுங்கள். வழக்குச் செலவும் அதிலேயே அடங்கும். அப்பாவின் இறப்புச் சான்று, இருவர் ஆதார், ரேஷன் கார்டு, பழைய வரி ரசீது எடுத்துப் போங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் விண்ணப்பியுங்கள், வீட்டுக்கு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். அப்பா அம்மா கல்யாணத்தின் இசைகுடிமானம் (நம் பக்கத்துக் கல்யாண ஒப்பந்த ஏடு) பெட்டியில் இருந்தால் அதையும், கோயிலில் குடும்பங்களைப் பதிந்து வைக்கும் புள்ளிக் கணக்கில் அப்பா பெயர் உள்ள பக்கத்தின் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உறவையே மறுக்கத் துணிந்தால், அந்த இரண்டு தாள்களும் பேசும்.