தலையணையை முதலில் எடுத்துவிடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 64. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்து ஆறு வாரம் ஆகிறது. கால் 85 டிகிரி வரைதான் மடங்குகிறது என்கிறார் பிசியோதெரபிஸ்ட். முழுதாக நீட்டவும் வரவில்லை. பயிற்சி செய்த அன்று இரவு முழங்கால் வீங்கி வலிக்கிறது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது. 'புது மூட்டைப் போட்டு ஆட்டாதே, கழன்றுவிடும்' என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். அதே வாரம் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் கைத்தடி இல்லாமல் நடக்கிறார். நான் பயிற்சியைத் தொடரலாமா, கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கலாமா?

பதில்: தொடருங்கள். ஆனால் செய்யும் விதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது வலியும் அல்ல, 85 டிகிரியும் அல்ல. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்தத் தலையணைதான்.

வீங்கிய முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்போது உள்ளே அழுத்தம் குறைவாக இருக்கும். அதனால்தான் தலையணை அவ்வளவு சுகமாக இருக்கிறது. ஆனால் இரவெல்லாம் அந்த நிலையிலேயே கிடந்தால் மூட்டின் பின்பக்கச் சவ்வும் தொடையின் பின்தசைகளும் சுருங்கிப் பழகிவிடும். ஏழெட்டு மணி நேரம் மடக்கி வைத்ததை, பகலில் அரை மணி நேரப் பயிற்சி நிமிர்த்திவிடாது.

எல்லோரும் 'எத்தனை டிகிரி மடங்குது?' என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு நீள்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நேராக நீண்ட காலில் நிற்கும்போது தொடைத் தசைக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. பத்துப் பதினைந்து டிகிரி மடங்கிய காலில் நின்று பாருங்கள். நிற்கும் நேரம் முழுக்க அந்தத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கிரம் களைப்பு வரும், நடை சாயும், இடுப்பும் மற்ற காலும் சேர்ந்து வலிக்கும்.

எனவே இன்றிரவே தலையணையை முழங்காலுக்கு அடியிலிருந்து எடுங்கள். காலை உயர்த்தி வைக்க வேண்டுமென்றால் குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில் வையுங்கள். முழங்காலுக்குக் கீழே வெற்றிடம் இருக்கட்டும். பகலில் குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்கால் தன் எடையிலேயே கீழே இறங்கும்படி பத்து நிமிடம் விடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. முதல் சில நாள் முழங்காலுக்குப் பின்னால் இழுக்கும். அந்த இழுப்புதான் நமக்கு வேண்டியது.

அடுத்தது தொடையின் முன்தசை. இந்த அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதம் கழித்து அதன் பலத்தை அளந்தால், ஆபரேஷனுக்கு முன் இருந்ததில் பாதிகூட இல்லாமல் போயிருப்பது சகஜம். அதற்குள் தசை கரைந்துவிட்டது என்று அர்த்தமல்ல. மூட்டில் வீக்கம் இருந்தால், 'இந்தத் தசையை இப்போதைக்கு இயக்காதே' என்று நரம்புகள் வழியே ஒரு தடை விழுந்துவிடுகிறது. என்னிடம் வருபவர்களைப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் என் உள்ளங்கையை வைத்து, "என் கையை அழுத்துங்க" என்பேன். நல்ல காலில் முழங்கால் சில்லு சட்டென்று மேலே ஏறும், தொடை கல்லாக இறுகும். ஆபரேஷன் செய்த காலில் மூச்சைப் பிடிப்பார்கள், இடுப்பைத் தூக்குவார்கள், முகம் சிவக்கும்; தொடை மட்டும் தொளதொளவென்று அப்படியே கிடக்கும். அப்புறம் சில நாளில் ஒரு மெல்லிய துடிப்பு விரலுக்குத் தட்டுப்படும். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

நீங்களும் உங்கள் கையையே வைத்து அழுத்திப் பாருங்கள். ஐந்து விநாடி இறுக்கி, விட்டு, பத்து முறை. அது நன்றாக வந்ததும் காலை நேராக வைத்தபடி ஓரடி உயரம் தூக்குவது. தூக்கும்போது முழங்கால் தொய்ந்து மடங்கினால் தசை இன்னும் தயாராகவில்லை, அழுத்தும் பயிற்சிக்கே திரும்புங்கள். அதற்கும் அடுத்தது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. தசை துளியும் அசையவில்லை என்றால் மின் தூண்டல் கருவி உதவும்; பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

சரி, மடக்குவதற்கு வருவோம். சமதரையில் நடக்க 65, 70 டிகிரி போதும். படி ஏறி இறங்க 85 முதல் 100 வரை வேண்டும். நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழ 90-க்கு மேல். ஆறு வாரத்தில் 85 என்பது கொஞ்சம் பின்தங்கல்தான், கைவிட்டுப்போன நிலை அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையோடு பின்னால் இழுங்கள். அதற்கு மேல் வராத இடத்தில் பாதத்தை அழுத்தி வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து உடம்பை ஓர் அங்குலம் முன்னால் நகர்த்துங்கள். பதினைந்து விநாடி பொறுத்து விடுங்கள். இப்படி ஐந்தாறு முறை, ஒரு நாளில் பலமுறை. ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் செய்துவிட்டு மறுநாள் படுத்துக்கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். யாராவது காலைப் பிடித்துப் பலமாக அமுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வலி மாத்திரை உங்களுக்கு எழுதிக்கொடுத்திருந்தால், பயிற்சிக்கு அரை மணி முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ், பதினைந்து நிமிடம்.

எவ்வளவு செய்வது என்பதற்கு ஒரு டேப் போதும். தினமும் காலையில் சில்லின் நடுவில் முழங்காலின் சுற்றளவை அளந்து எழுதுங்கள். பயிற்சியின்போது வலிக்கலாம், ஓரிரு மணி நேரத்தில் அடங்க வேண்டும். மறுநாள் காலை அளவு கூடியிருந்தால் அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள். நிறுத்த வேண்டாம். உங்கள் விஷயத்தில் இரவு வீக்கம் சொல்வதும் இதுதான்: ஒரேயடியாக அதிகம் செய்கிறீர்கள்.

கழன்றுவிடும் என்ற பயம் வேண்டாம். பெரும்பாலும் எலும்பு சிமெண்ட் வைத்துத்தான் இந்த மூட்டைப் பொருத்துகிறார்கள். அது அறுவை சிகிச்சை மேஜையிலேயே, சில நிமிடங்களில் இறுகிவிடும். தாங்கும் என்று தெரிந்துதான் அன்றோ மறுநாளோ உங்களை எழுந்து நிற்க வைத்தார்கள். மூட்டு தளர்வதற்குப் பெரும்பாலும் காரணம் கிருமித் தொற்றும் பல வருடத் தேய்மானமும்தான். மடக்கி நீட்டுவது அல்ல. கீழே விழுவதற்கு மட்டும் பயப்படுங்கள்.

கைத்தடி இல்லாமல் நடக்கும் அந்த நபரை மறந்துவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன் யாருடைய கால் நன்றாக மடங்கியதோ, அவருக்குப் பின்னாலும் பொதுவாக நன்றாக மடங்கும்; தொடக்கமே வேறு. சாய்ந்து சாய்ந்து தடியின்றி நடப்பதைவிட, தடியோடு நிமிர்ந்து நடப்பது நல்லது. தடி உங்கள் இடது கையில் இருக்க வேண்டும், அதாவது ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்ப்பக்கம். இதைத் தவறாகப் பிடிப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

முழங்கால் சூடாக இருப்பது, தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பது, 'டக்' என்று சத்தம் வருவது இதெல்லாம் மாதக்கணக்கில் இருக்கலாம், பரவாயில்லை. ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழுந்தபின் காலைத் தூக்கவே முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட் அளக்கும்போது இரண்டு எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: எவ்வளவு மடங்குகிறது, நேராக நீள இன்னும் எத்தனை டிகிரி பாக்கி. இரண்டு மூன்று வாரத்தில் இரண்டும் நகரவில்லை என்றால், அந்தத் தாளோடு உங்கள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். மயக்க மருந்து கொடுத்து மூட்டை மெதுவாக மடக்கிவிடும் முறை ஒன்று உண்டு. முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் அதற்கு நல்ல பலன். அதற்குப் பிறகு உள்ளே தழும்புத் திசு இறுகிவிடும். உங்களுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.