முழுப் பேர்

அன்புள்ள டீச்சருக்கு,

கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வயது 29. ஊர் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். பழைய வானொலி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா கட்டிலுக்கடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து, அதிலிருந்த ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது பாடி இருபது வருசத்துக்கு மேலிருக்கும். "அந்தக் காலம் மாதிரி வருமா" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள், ஒரு காம்பராவில் எத்தனை பேர் படுத்தீர்கள், அதைச் சொல்லுங்கள்" என்று கத்திவிட்டேன். அவர் பதில் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து முதலாளி குடும்பத்தோடு நுவரெலியா போக வேண்டியிருந்தது. தங்கிய ஹோட்டலின் முன்கூடத்தில் அதே மாதிரி ரேடியோ ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு தேயிலைக் கொழுந்துக் கூடை, அதற்குள் மின்விளக்கு. எல்லாரும் அதன் அருகில் நின்று படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அந்தக் கூடையைத்தான் என் அம்மா 31 வருசம் சுமந்தார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

பசியோடு இருந்த ஒரு காலத்துக்காக நாம் ஏங்கலாமா? அந்த ஹோட்டல்காரர் செய்வதற்கும் நீங்கள் எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்? குறை சொல்லக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அப்புறம், அப்பாவின் ரேடியோவைத் திருத்திக் கொடுக்கலாமா, அது வீண் செலவா என்றும் சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொழும்பு

*

அன்புள்ள தம்பி,

முதலில் பசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நான் 1966இல் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். 1974இல் எனக்கு எட்டு வயது. அரிசியும் மாவும் கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலம். அந்த அளவும் குறைந்துகொண்டே வந்தது. தோட்டங்களில் அந்த நாட்களில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் பல நாள் மரவள்ளிக்கிழங்குதான், சில நாள் அதுவும் இல்லை. அந்த வருசம்தான் என் கடைசித் தம்பி பிறந்தான். அம்மாவுக்குப் பால் இல்லை. வெறும் தேத்தண்ணியைத் துணியில் நனைத்து அவன் வாயில் பிழிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் அப்போது ரேடியோ கிடையாது. கணக்கப்பிள்ளை குவாட்டஸில் இருந்தது. சாயங்காலம் கீழே ரோட்டில் நின்று கேட்போம். பாட்டுக்கு நடுவே பிஸ்கட் விளம்பரம் வரும். அந்த மெட்டை இன்றைக்கும் நான் பிசகாமல் பாடுவேன். அந்த பிஸ்கட்டை முதன்முதலில் சாப்பிட்டபோது எனக்கு 15 வயது. அது இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, 1950இல் தொடங்கியதே விளம்பரத்துக்காகத்தான். எங்களால் வாங்க முடியாத பொருட்களின் பெயர்களை எங்களுக்கு மனப்பாடம் செய்வித்ததும் அதே ரேடியோதான். ஆகவே உங்கள் கோபம் நியாயமானது. அதைப் பொற்காலம் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் உங்கள் அப்பா அந்தக் காலத்துக்காக ஏங்குகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று சொல்ல, எங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு டவுன் கடைகளில் ரேடியோக்கள் அடுக்கி வைக்கப்பட்டன. அம்மா சீட்டுப் பிடித்து, 1978 கடைசியில் ஒன்றை வாங்கினார். நாலு பெரிய பேட்டரி போட வேண்டும். பேட்டரி விலை எங்களுக்குப் பெரிய விலை, அதனால் இரவில் ஒரு மணி நேரம்தான் கேட்கலாம். சத்தம் இறங்கினால் பேட்டரியைக் கழற்றி அடுப்போரம் வைப்போம், சூடேறினால் இன்னும் இரண்டு நாளைக்குப் பாடும். மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர்களை எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொந்தக்காரர் பெயர்களைப் போலச் சொல்வார்கள். பாட்டை விடவும் எங்களுக்குப் பிடித்தது பிறந்தநாள் வாழ்த்து. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மட்டக்களப்புப் பிள்ளை, கொழும்புப் பிள்ளை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நீளமாக ஒரு சொந்தக்காரர் பட்டியல். கேட்டுக்கொண்டே இருப்போம்.

தம்பிக்கு ஐந்து வயது ஆகும்போது, 1979இல், அண்ணன் ஒரு அஞ்சலட்டை வாங்கி வந்தான். பொடிப்பொடியாக எழுதினான். தம்பி பெயர், பிறகு அப்பா, அம்மா, அண்ணா, அக்கா, தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்கணக்கில் இருக்கும் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா. இடம் இன்னும் கொஞ்சம் இருந்தது. "கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பா பேரையும் எழுதுடா" என்றார் அப்பா.

சித்தப்பா போனது 1977இல். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானதே, அதில் அவரும் ஒருவர். அந்த ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. தலவாக்கலை ஸ்டேஷனில் அப்பாவும் சித்தப்பாவும் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோச்சி நகர்ந்தபோது அப்பா மேடை முடியும் வரை கூடவே ஓடினார்.

அட்டை போட்டுவிட்டு மூன்று நாள் ரேடியோவைத் தொடவில்லை, பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று. பிறந்தநாள் அன்று எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் லயத்து வரிசை வீட்டார் எல்லாருமே கூடியிருந்தார்கள். ஒன்பதாவதோ பத்தாவதோ பெயராகத் தம்பி பெயர் வந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்லி, எங்கள் பிரிவு 'மேல்கணக்கு' என்பதையும் விடாமல் சொன்னார்கள். பிறகு அப்பா பெயர். உட்கார்ந்திருந்த அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். அந்தப் பட்டியல் முடியும் வரை உட்காரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து சித்தப்பாவின் கடிதம் வந்தது. லயத்துக்குத் தனி முகவரி ஏது? எல்லாக் கடிதமும் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும், அங்கே கிடந்து யார் கையிலாவது வந்து சேரும். இன்றைக்கும் பல தோட்டங்களில் அப்படித்தான். கோத்தகிரியில் ஒரு டீக்கடையில் நின்றபோது சிலோன் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம். "என் பேரைச் சொன்னாங்க அண்ணே, நம்ம அப்பா பேரோட சேத்துச் சொன்னாங்க. கடைக்காரர்கிட்ட அது நான்தான்னு சொன்னேன்" என்று எழுதியிருந்தார். இங்கே இருந்தவரை அவர் இந்தியாக்காரன். அங்கே போன பிறகு சிலோன்காரன். இரண்டு நாட்டிலும் யாரும் கூப்பிடாத அவருடைய சொந்தப் பெயர், கடல் தாண்டிப் போய் ஒரு டீக்கடையில் அவருக்குக் கேட்டிருக்கிறது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்தால் காசு. சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். "இந்த மாசம் எனக்குப் பதினெட்டுப் பேர்" என்று அம்மா சொல்வார். 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை போன பிறகு, மிச்சமிருந்தவர்களுக்கும் அது கிடைக்க 2003 ஆகிவிட்டது. அந்த 55 வருசத்தில் எங்களில் எத்தனையோ பேருக்கு இந்த நாட்டில் பெயர் எழுதப்பட்ட இடம் செக்ரோல்தான். அப்படி இருந்தவர்களின் பெயரை, ஊரோடும் உறவோடும் சேர்த்து, ஒரு நல்ல குரல் பாதியாக்காமல் வாசித்தது. உங்கள் அப்பா துடைத்துக்கொண்டிருந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஹோட்டல்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வி எனக்குத் தேவைப்பட்டது. நீங்கள் படித்த அந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். டயலின் வெளிச்சம், தோலுறை, அதன் வாசனை என்று நிறைய எழுதியிருக்கிறேன். அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த ரேடியோ மாதிரிதான் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிலில் அட்டையைப் பற்றி எழுதினேன். அந்த அட்டையை யாரும் எங்களிடம் வந்து கேட்டு வாங்கிப் போகவில்லை, நாங்களே எழுதி அனுப்பினோம். யார் பெயர் முதலில் வர வேண்டும், யாரை விடக் கூடாது என்று நாங்களே முடிவு செய்தோம். ஹோட்டலில் இருக்கும் கூடையைச் சுமந்தவரிடம், உங்கள் கூடைக்குள் விளக்கு வைக்கலாமா என்று யாராவது கேட்டிருப்பார்களா? சித்தப்பாவின் பெயரை நான் இங்கே எழுதாததும் இதனால்தான். அவர் பிள்ளைகள் கோத்தகிரியில் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதம் வேண்டும்.

இப்போதும் என் பெயர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. தவணைக்கு ஃபிரிஜ் வாங்கிய கடையிலிருந்து வருசா வருசம் பிறந்தநாளுக்கு என் பெயர் போட்டுக் குறுஞ்செய்தி வருகிறது, அடியில் புதுச் சலுகை. போனைத் திறந்தால் எல்லாமே 'உங்களுக்காக' என்று வருகிறது. இந்தப் பெயரை நான் யாருக்கும் அனுப்பவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டார்கள். தோட்டங்களில் இதன் கணக்கு பெரிது. 60,000 ரூபாய்க்கு ஒரு போன் என்றால், 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாள் சம்பளக் கணக்கில் கிட்டத்தட்ட 45 முழுப் பேர். பிடித்தங்களையும் மழை நாட்களையும் சேர்த்தால் ஒரு அம்மாவின் மூன்று மாத உழைப்பு அதிலேயே போய்விடும். அதற்குக் கடன், அந்தக் கடனுக்கு வட்டி. லயத்துக் கூரையில் வீட்டுக்கொரு டிஷ் இருக்கிறது, அதற்கும் மாதக் காசு. நாடகத்தில் வரும் சென்னைத் தெருக்களின் பெயர் எல்லாம் என் பேத்திக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தின் பெயர் தெரியவில்லை. இது எனக்கு மனவருத்தம்தான், மறைக்கவில்லை.

அதற்காகப் போனையே குறை சொல்ல மாட்டேன். ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கியது 1982இல். அது நாட்டுக்கு அனுப்பிய படம் எங்கள் பிதுருதலாகலை மலை உச்சியிலிருந்துதான் போனது. கோபுரம் எங்கள் மலையில், எங்கள் லயத்துக்கு மின்சாரம் வந்ததோ 1994இல். படம் எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது, எங்களைப் பற்றி அதில் எதுவும் இல்லை. இப்போது எங்கள் பழைய லயத்தில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், பதினேழு வயது. போனில் வீடியோ எடுத்துப் போடுகிறாள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிப்பது, பாட்டி ரொட்டி தட்டுவது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வீடியோவையும் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, 'மேல்கணக்கு' என்று சேர்த்துத்தான் தொடங்குகிறாள். அதை முதலில் கேட்டபோது நான் அப்பா மாதிரியே எழுந்து நின்றுவிட்டேன். அவள் அம்மா டேட்டா கார்டு செலவைச் சொல்லித் திட்டுகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரையும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

சரி, ரேடியோவுக்கு வருகிறேன். செலவு செய்யுங்கள், ஆனால் அளவாக. முதலில் பின்மூடியைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி உள்ளேயே கிடந்தால் கசிந்து, கம்பிகளில் பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருக்கும். வினாகிரியில் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய விட்டால் பல செட்கள் அதிலேயே உயிர் பிடிக்கும். டயல் நூல் அறுந்திருந்தால் பழகிய கைதான் வேண்டும். ஹட்டன் டவுனில் விசாரித்தால் இன்னும் பழைய செட் பார்க்கும் ஆள் கிடைப்பார். அந்தக் காலத்து செட் பலவற்றில் எஃப்.எம். இருக்காது, இப்போதைய நிலையங்கள் பெரும்பாலும் எஃப்.எம்.மில்தான், அதனால் திருத்திய பிறகும் இரைச்சல்தான் அதிகம் கேட்கலாம். அதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர் ஏமாந்துவிடக் கூடாது.

திருத்தினாலும் திருத்தாவிட்டாலும், அடுத்த முறை போகும்போது, நீங்களும் அட்டை போட்டீர்களா, அதில் யார் யார் பெயரை எழுதினீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல உங்கள் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டாம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே அவருக்குப் புரியும்.

இன்னொன்று. உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. கொழும்பில் எங்கள் பிள்ளைகள் ஊரைச் சொல்லத் தயங்குவது எதனால் என்று எனக்குத் தெரியும். ஹோட்டலில் நீங்கள் பேசாமல் நின்றதற்கும் நான் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தை நாலு தடவை படித்தும் எனக்கு ஒரு விசயம் கிடைக்கவில்லை. 'பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தோட்டம், தம்பி? மேல்கணக்கா, கீழ்கணக்கா?

அன்புடன்,
டீச்சர்