ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவர்

வணக்கம் சார்,

பழைய சென்னை வழக்குகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் தினமும் விடியற்காலையில் வாக்கிங் போகிறவள் நான். என் அக்கா மகன் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் இருக்கிறான். அங்கே டெல்ஃபி என்ற சின்ன ஊரில் 2017இல் நடந்த கொலைகளைப் பற்றி அவன்தான் சொன்னான். அதிலிருந்து கிடைப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடைபாதையில் நடக்கப் போன இரண்டு பெண் பிள்ளைகளை ஒருவன் பட்டப்பகலில் கொன்றிருக்கிறான். ஒரு பிள்ளை அந்த ஆளைப் போனில் வீடியோவே எடுத்திருக்கிறாள். அப்படியும் ஐந்தரை வருடத்துக்கு மேல் யாரென்று தெரியவில்லை. மூவாயிரம் பேர் இருக்கிற ஊரில் இது எப்படி சார்? எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் ஒரு மணி நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். "நம்ம போலீஸ் என்றால் மூன்றே நாளில் தூக்கியிருப்பார்கள்" என்கிறார் என் வீட்டுக்காரர்.

இன்னொரு விஷயம். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவரின் படத்தைப் போட்டு, "ஏரிக்கரையில் தினமும் உட்கார்ந்து லேடீஸையே பார்க்கிறான், எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். அவரை நானும் பார்த்திருக்கிறேன். அனுப்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பயத்தில் வாக்கிங் போவதையும் நிறுத்திவிட்டேன்.

ஆர்., சிட்லபாக்கம்

*

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. 2012 மார்ச் 29 அன்று விடிவதற்கு முன் திருச்சி தில்லைநகர் வீட்டிலிருந்து வாக்கிங் கிளம்பினார் ராமஜெயம். அப்போது முன்னாள் அமைச்சராக இருந்த கே.என். நேருவின் தம்பி, ஊரில் பெரிய புள்ளி. அன்றே கல்லணை சாலையில் திருவளர்ச்சோலை பக்கம் அவர் உடல் கிடைத்தது. உள்ளூர் போலீஸ் பார்த்தது, சி.பி.சி.ஐ.டி. பார்த்தது, உயர் நீதிமன்ற உத்தரவில் சி.பி.ஐ. பார்த்தது, 2022இல் சிறப்புப் புலனாய்வுக் குழு வந்தது. தகவல் தருபவருக்கு 50 லட்சம் ரூபாய் என்றார்கள். சிலரைச் சென்னைக்கு அழைத்து வந்து உண்மை கண்டறியும் சோதனையும் செய்தார்கள். (சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மெஷினில் உட்கார வைத்தால் உண்மை கொட்டிவிடும் என்பது டிவி சீரியலோடு சரி.) பத்து வருடம் தாண்டியும் கொன்றவன் யாரென்று ஒரு கோர்ட்டில் நிறுத்த முடியவில்லை.

ஆனாலும் மூன்று நாள் கணக்கு முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் கொலைக்கான காரணங்களில் முன்னால் நிற்பவை தகராறும் முன்விரோதமும்தான். வரப்புச் சண்டை, குடிச்சண்டை, சொத்து, பழைய பகை. இவற்றில் கொன்றது யாரென்று முதல் நாளே தெருவுக்குத் தெரியும். போலீஸ் போய் அழைத்து வர வேண்டியதுதான், பல சமயம் அவனே ஸ்டேஷனில் வந்து நிற்பான். முன்பின் சம்பந்தம் இல்லாதவன் செய்யும் கொலையில் இந்த வழி அடைபட்டுப் போகிறது. யாருக்குப் பகை என்று விசாரித்துக்கொண்டே போனால் யாருமே வந்து நிற்க மாட்டார்கள்.

டெல்ஃபியில் நடந்தது அதுதான். 2017 பிப்ரவரி 13, பள்ளிக்கூடம் லீவு. 13 வயதும் 14 வயதுமான இரண்டு சிநேகிதிகள், கைவிடப்பட்ட பழைய ரயில் பாலத்துக்கு நடந்து போகிறார்கள். ஓடையிலிருந்து அறுபது அடிக்கு மேல் உயரம், பக்கவாட்டில் பிடிக்கக் கம்பி கிடையாது. பின்னால் ஒரு ஆள் வருவதைப் பார்த்து அதில் ஒருத்தி போனில் பதிவு செய்கிறாள். கீழே இறங்கச் சொல்லும் அவன் குரலும் அதில் இருக்கிறது. அந்த வயதில் அந்த நேரத்தில் அதைச் செய்யத் தோன்றியதே, அதைவிடப் பெரிய சாட்சியம் அந்த வழக்கில் எதுவும் இல்லை. மறுநாள் உடல்கள் கிடைத்தன. படத்தையும் குரலையும் போலீஸ் உலகத்துக்கே போட்டுக் காட்டியது. அப்புறம் அந்த ஆளின் முகத்தை வரைந்து ஒரு படம் வெளியிட்டார்கள். 2019இல், இனி இதைப் பாருங்கள் என்று முற்றிலும் வேறொரு முகத்தை வரைந்து கொடுத்தார்கள்.

தண்டிக்கப்பட்டவர் எங்கே இருந்தார் தெரியுமா? அந்த ஊர் மருந்துக் கடையில் வேலை பார்த்தார். ஊர் முழுக்க அவரிடம் மாத்திரை வாங்கியிருக்கிறது. இறுதிச் சடங்குக்குப் படங்கள் பிரிண்ட் போட வந்த குடும்பத்திடம் அவர் காசு வாங்கவில்லை என்றுகூடச் செய்தி வந்தது.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர் என்பதை நீங்கள் சாதகமாக நினைக்கிறீர்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட ஊர் கொலைகாரனை வெளியூர்க்காரனாகத்தான் கற்பனை செய்யும். விருந்தாளி வந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிகிறது என்கிறீர்களே, அது அவர் புது முகம் என்பதால்தான். எதிர்வீட்டுக்காரர் நேற்று மதியம் எங்கே போனார் என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? தினம் பார்க்கிற ஆளை நாம் பார்ப்பதே இல்லை. அதனால்தான் தெளிவில்லாத அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் போலீஸுக்குப் போன் செய்தும் தீரவில்லை.

இதையெல்லாம்விட என்னை உலுக்கிய விஷயம் வேறு. அந்த ஆள் கொலை நடந்த சில நாட்களிலேயே தானாக முன்வந்து, அன்று மதியம் அந்தப் பாதையில் இருந்தேன் என்று ஒரு அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். வனவிலங்கு, மீன்பிடிச் சட்டங்களைக் கவனிக்கும் அதிகாரி அவர். எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்தக் காகிதம் ஃபைலுக்குப் போகும்போது ஆளின் பெயரோடு அவர் குடியிருந்த தெருவின் பெயர் ஒட்டிக்கொண்டு, அதுவே கடைசிப் பெயர் போல ஏறிவிட்டது. விசாரித்து முடித்தாயிற்று என்ற குறிப்பும் விழுந்தது. அவ்வளவுதான். 2022 செப்டம்பரில், ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி, சம்பளம் இல்லாமல் அந்தத் தகவல் காகிதங்களை அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இது யார் என்று எடுத்துக் காட்டினார். அடுத்த மாதம் வீட்டைச் சோதனை போட்டு ஒரு துப்பாக்கியை எடுத்தார்கள். உடல்களுக்கு நடுவே கிடந்த வெடிக்காத தோட்டா அதற்குள் இருந்து வந்தது என்றது தடயவியல். கைது. 2024 நவம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு, டிசம்பரில் 130 ஆண்டு சிறை. ஜெயிலில் இருந்தபோது பலரிடம் ஒப்புக்கொண்டதும் சாட்சியமாக வந்தது. தனிச் சிறையில் மனநிலை குலைந்த நேரத்தில் சொன்னது அது என்றது எதிர்த்தரப்பு. தோட்டா ஆய்வையும் கடுமையாகக் கேள்வி கேட்டது. மேல்முறையீட்டுக்கும் போனார்கள். அந்த வாதங்களை நான் துச்சமாக நினைக்கவில்லை. ஆனால் அந்த ஐந்தரை வருடத் தாமதத்துக்கு மர்மம் எதுவும் காரணம் இல்லை. குமாஸ்தா வேலையில் நடந்த ஒரு பிழை, அவ்வளவே.

அந்த ஐந்தரை வருடம் ஊர் சும்மா இருந்ததா? இல்லை. அக்கம்பக்கத்து ஆண்களின் படங்களை எடுத்து போலீஸ் வரைந்த முகத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, மூக்கைப் பார், தாடையைப் பார் என்று இணையத்தில் போட்டார்கள். ஒரு முதியவர் சந்தேகத்தைச் சுமந்தபடியே, கைதுக்குச் சில மாதம் முன்பு செத்தும் போனார். நீங்கள் பார்க்கிற நிகழ்ச்சிகளில் பாதி இந்தக் குப்பைதான். கடைசியில் ஜூரியை (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவை) வேறு மாவட்டத்திலிருந்து கூட்டி வர வேண்டியிருந்தது.

நம் ஊரிலும் ஜூரி இருந்த காலம் உண்டு. 1944 நவம்பர் 8, வேப்பேரியில் ரிக்ஷாவில் போன லட்சுமிகாந்தனைக் குத்தினார்கள், மறுநாள் இறந்தார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்ற பத்திரிகைக்காரர் அவர். கேஸில் சிக்கியவர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும். இதைவிடச் சுவையான கதை மெட்ராஸுக்கு வேறென்ன வேண்டும்? ஒன்பது ஜூரர்களில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், 1945இல் ஆயுள் தண்டனை. அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரையும் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. என்.எஸ்.கே. மீண்டு வந்தார். பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவே இல்லை. 1959இல் போய்விட்டார். இன்றும் மயிலாப்பூர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கேளுங்கள், பின்னால் இருந்தது யாரென்று மூன்று பதில் வரும்.

சரி, உங்கள் வாட்ஸ்ஆப் படத்துக்கு வருவோம். அனுப்பாதீர்கள். ஏரிக்கரையில் உட்காருவது குற்றம் இல்லை. அவர் இரவு ஷிப்ட் முடித்த செக்யூரிட்டியாக இருக்கலாம், வீட்டில் இருக்கப் பிடிக்காத ரிட்டயர்ட் ஆசாமியாக இருக்கலாம், உண்மையிலேயே தொல்லை தருபவராகவும் இருக்கலாம். மூன்றாவது என்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது. ஒரு பெண் வேண்டாம் என்று காட்டிய பிறகும் விடாமல் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆவது பிரிவில் குற்றம். அவர் யாரையாவது பின்தொடர்ந்தாரா, ஏதாவது பேசினாரா, எந்தத் தேதி, எத்தனை மணி என்று குழுவில் படம் போட்டவரைக் கேளுங்கள். பதில் இருந்தால் இரண்டு பேராகச் சிட்லபாக்கம் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுங்கள். பதில் இல்லை என்றால் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வாக்கிங்கை நிறுத்த வேண்டாம். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, வெளிச்சம் வந்த பிறகு போங்கள். அவசரத்துக்கு 112. கரையில் எரியாத விளக்கு இருந்தால் அதற்கும் ஒரு மனு போடுங்கள், ஃபார்வர்ட் செய்வதைவிட அது பிரயோசனம்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி) வாங்காமல் திரும்பாதீர்கள். "பார்த்துக்கிறோம்மா, போங்க" என்பார்கள். உட்கார்ந்து வாங்குங்கள். அதில் பெயரும் தெருவும் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துவிடுங்கள்.